ஒரு சொல்லுக்குத் தாய் தகப்பன் தேடிய கதை

கார் கழிந்துவிட்டது. கூதிரும் தன் கடைசித் துளிகளைச் சொரிந்துவிட்டு, முன்பனிக்கு வழிவிடுவதா வேண்டாவா என்று வானத்தின் தலைவாயிலில் தயங்கி நின்றது. கல்வராயன் மலைமுடிகள் மேகப் போர்வையை இழுத்து மூடி, மௌன நோன்பு பூண்டவர்களைப் போல் வாளா இருந்தன. அங்கிருந்து இறங்கிய ஈரக் காற்று கோமுகியின் கரைகளைத் தடவி, கரும்புத் தோகைகளை நனைத்து, கள்ளக்குறிச்சிப் பேருந்து நிலையத்தில் ஒண்டி நின்ற மாந்தரின் தோள்களில் உரிமையோடு வந்து அமர்ந்தது. களத்து நெல் காயவில்லை. கொடியில் துணி காயவில்லை. கதிரவன் எந்தத் திக்கில் எழுகிறான் என்பது நம்பிக்கையினால் மட்டுமே அறியத்தக்கதாயிற்று. தேவாலயத்தில் பீடத்தின்மேல் ஊதாத் துணி விரித்தாகிவிட்டது. காத்திருப்பதற்கென்றே திருச்சபை வகுத்த திருவருகைக் காலம் அது. மண்ணும் மரமும் மாடும் மனிதரும் எதற்கோ செவிசாய்த்து அமைதி காத்தனர்.

அமைதி காக்காதவை இரண்டு. ஒன்று, வயல்வெளித் தவளைகள். மற்றொன்று, அனைத்துலகச் சொற்குல ஆய்வு மன்றம்.

மன்றம் கடைவீதியில் ஓர் உரக்கடையின் மாடியில் இயங்கியது. தொடக்கத்தில் அதற்குக் கள்ளக்குறிச்சி வட்டத் தமிழ் மன்றம் என்றே பெயர். ஊர் மாவட்டத் தலைநகரானபோது, பலகையில் ‘வட்ட’ என்பதை ‘மாவட்ட’ என்று திருத்துவதற்கு ஓவியர் ஒருவரை அழைத்தார்கள். அவர் ஏணியில் ஏறி நின்றதைக் கண்ட தலைவர் முனைவர் இளஞ்செழியன், இவ்வளவு உயரம் ஏறிய பிறகு மாவட்டத்தோடு நிற்பது ஏணிக்கு இழுக்கு என்று கருதி, ‘அனைத்துலக’ என்றே எழுதச் செய்தார். அன்று முதல் மன்றத்தின் பொறுப்பு பெருகிற்று.

மன்றத்தின் கொள்கை எளியது. உலகில் எந்தச் சொல்லும் அநாதை அன்று. எல்லாம் தமிழ் வயிற்றில் பிறந்து, விவரம் தெரியாத வயதில் கப்பலேறிக் காணாமற்போன பிள்ளைகள். அவற்றைக் கண்டெடுத்து, இன்னார் மகன், இன்னார் மகள் என்று குலம் உணர்த்தி, பொன்னாடை போர்த்தி வீடு சேர்ப்பதே மன்றத்தின் பணி. ‘டிராக்டர்’ தரையகற்றியின் மகன் என்பதும், ‘சோபா’ சாய்பாயின் மகள் என்பதும் மன்றம் உலகுக்கு உணர்த்திய உண்மைகள். உலகம் இன்னும் பதில் எழுதவில்லை. வியப்பில் வாயடைத்துப் போயிருக்கிறது என்பது தலைவரின் கணிப்பு.

இம்மன்றத்தின் துணைச் செயலாளர் புலவர் பிலவேந்திரன். உதவி பெறும் பள்ளி ஒன்றில் தமிழாசிரியராயிருந்து ஓய்வு பெற்றவர். பழம்பாடல்களைப் பதம் பிரித்து உண்டு, தேவாலயத்துக் கீர்த்தனைகளால் வாய் கொப்பளிப்பவர். அவர் மன்றத்தில் சேர்ந்த முதல் நாளிலேயே தலைவர் அவருடைய பெயரைப் பிளந்து, பிலம் என்றால் குகை, வேந்திரன் என்றால் வேந்தன், ஆகவே குகையரசன் என்று தீர்ப்பளித்தார். ஞானஸ்நானத்தின்போது வெளிநாட்டுச் சாமியார் ஒருவர் வைத்த பெயர் அது என்பதைச் சொல்லப் பிலவேந்திரனுக்கு வாய் வரவில்லை. குகையரசனாக இருப்பது அவருக்குப் பிடித்திருந்தது. அன்றிலிருந்து வீட்டிலும் தலைவரைப் போலவே செந்தமிழ் பேசத் தொடங்கினார். அவர் மனைவி தெரசா அதைக் காதில் வாங்காமல் சமைக்கப் பழகிக்கொண்டாள்.

அவருக்கு இருந்த குறை ஒன்றே. மன்றம் வழங்கும் ‘சொற்குலச் செம்மல்’ பட்டம் இன்னும் அவரை வந்தடையவில்லை. காணாமற்போன சொல் ஒன்றைத் தாமே கண்டெடுத்து வருபவருக்குத்தான் அப்பட்டம். நிர்வாகக் குழுவில் மற்ற அனைவரும் செம்மல்கள். பந்தல் போடுகிறவர்கூட ‘ஷாமியானா’வை அழைத்துவந்து செம்மலாகிவிட்டார்.

இந்நிலையில்தான் ஒரு ஞாயிற்றுக்கிழமை மாலை, மகள் ஜெனிபர் கைப்பேசியில் அழைத்தாள்.

ஜெனிபர் ஒரே மகள். ஸ்காட்லாந்தில், அபர்டீன் என்னும் கடலோர நகரத்து மருத்துவமனையில் செவிலி. அவளை அங்கே அனுப்பியவர் பிலவேந்திரன்தான். தாய்க்கு மனமில்லை, மகளுக்குப் பாதி மனம், மீதிப் பாதியைத் தகப்பனார் தம் சொல்வன்மையால் நிரப்பினார். அவள் போன பிறகு, கோயில் வாசலில் யார் நலம் விசாரித்தாலும் அவருடைய விடையில் ஸ்காட்லாந்து வராமல் போனதில்லை.

அன்றும் வழக்கம்போல் அங்கே வானிலை எப்படி என்று கேட்டார்.

“இங்க ஒரே திரீஃ தாம்ப்பா,” என்றாள் ஜெனிபர்.

பிலவேந்திரன் நிமிர்ந்து உட்கார்ந்தார். “என்ன சொன்னாய்? இன்னொரு முறை சொல்.”

“அது இங்கத்து ஆளுங்க பேச்சுப்பா. மூடிக்கினு, ஈரமா, விடிஞ்சும் விடியாத மாதிரி இருக்குமே, அதுக்குத் திரீஃன்னு சொல்வாங்க. அத வுடுங்க. நா ஒன்னு கேக்கணும். இன்னும் மூணு வருசம் இருக்கியா, இல்ல போறியான்னு ஆஸ்பத்திரில கேக்குறாங்க. நா வந்துடட்டுமாப்பா? நீங்க சொல்லுங்க.”

“அதைப் பிறகு பேசுவோம். அந்த ஈற்றொலியை மட்டும் தனியே சொல்.”

மகள் சொன்னாள். அடித்தொண்டையில் மூச்சு உரசி எழுந்த அவ்வொலி ககரமும் அன்று, ஹகரமும் அன்று. பிலவேந்திரனுக்கு மயிர்க்கூச்செறிந்தது. அது ஆய்தம். தமிழராலேயே கைவிடப்பட்டு, இன்று ‘ஃபேன்’ என்றும் ‘ஃபிரிட்ஜ்’ என்றும் கடைப்பலகைகளில் கூலிவேலை பார்த்துப் பிழைக்கும் அந்த முப்புள்ளி எழுத்து, வடகடல் ஓரத்தில் தன் பழைய குரலோடு உயிர் வாழ்கிறது.

தெரசா கைப்பேசியைப் பிடுங்கிக்கொண்டு உள்ளே போய் நெடுநேரம் பேசிவிட்டு வந்தாள். அவள் வரச்சொல்லியும் மகள் கேட்கவில்லையாம். அப்பா சொல்லித்தான் வந்தேன், அப்பா ‘வா’ என்று சொன்னால்தான் திரும்புவேன் என்றாளாம். இரண்டு ஞாயிறு கழித்து வரும் திங்களன்று மருத்துவமனைக்குப் பதில் சொல்லியாக வேண்டுமாம்.

“பொண்ணு கொரலு கம்மிப்போயிக் கெடக்குது,” என்றாள் தெரசா. “நீங்க இன்னாடான்னா கொரலுக்கு இலக்கணம் பாத்துக்கினு இருக்கீங்க.”

“நீ அறியாய், தெரசா. நம் மகள் ஓர் ஆய்தத்தைக் கண்டெடுத்திருக்கிறாள்.”

“அத வெச்சிக்கினு வெங்காயம் அரியலாமா?”

பிலவேந்திரனின் மனம் உரக்கடை மாடியில் இருந்தது.

மன்றத்துக்கு வரும் சொல்லை வரவேற்பதற்கென்று ஒரு முறை உண்டு. சொல்லைச் சிலேட்டில் எழுதி, முன்வரிசை நாற்காலியில் அமர்த்த வேண்டும். அழைத்து வந்தவர் அதன் அருகில் கைகட்டி நின்று, அது எங்கே வளர்ந்தது, அங்கே அதை எப்படி நடத்தினார்கள் என்பதை எடுத்துரைக்க வேண்டும். சிலேட்டுக்கு முதுகு காட்டி ஒருவரும் உட்காரலாகாது. அன்று நாற்காலி குறைவாயிருந்தமையால் சொல் அமர்ந்திருக்க, பொருளாளர் கொளஞ்சியப்பன் நின்றுகொண்டிருந்தார். அவர் தியாகதுருகம் பக்கத்துக் கரும்பு விவசாயி. ஒரு திருமண மண்டபத்துக்கும் உரிமையாளர். மன்றத்தின் விழாக்களுக்கு மண்டபத்தை இலவசமாகத் தருவதால் பொருளாளர்.

தலைவர் சிலேட்டை வணங்கிவிட்டுத் தொடங்கினார். “இப்பிள்ளையின் முகத்தில் ஆய்தக் களை தெரிகிறது. ஆயினும் ஒரு குறை. ஆய்தம் குறிலுக்குப் பின்னும் வல்லினத்துக்கு முன்னும் மட்டுமே வரும். இங்கே அதற்கு முன்னால் நெடில் நிற்கிறது. பின்னாலோ ஒருவரும் இல்லை. அயலூரில் தனியே விட்டால் பிள்ளை இப்படித்தான் ஆகும்.”

பிலவேந்திரன் தலையசைத்தார். அவ்வாக்கியம் தம்மை எங்கோ தைத்தது போல் அவருக்கு ஒரு கணம் தோன்றிற்று. இலக்கண இன்பம் என்று எண்ணிக்கொண்டார்.

ஆராய்ந்து, நெடிலைக் குறிலாக்கி, ஈற்றில் து சேர்த்து, ‘திரிஃது’ என்பதே மெய்யான வடிவம் என்று முடிவாயிற்று. ஸ்காட்லாந்து மக்கள் இதுகாறும் பிழையாக உச்சரித்து வந்தமையைச் சுட்டி, வரும் பொங்கலுக்குள் திருத்திக்கொள்ளுமாறு அந்நாட்டு அரசுக்குச் சுற்றறிக்கை விடுப்பதென்றும் தீர்மானித்தார்கள்.

அடுத்து பெற்றோர் தேர்வு. பால் திரிவதுபோல் வானம் திரிவதால் ‘திரி’யே வேர் என்றது ஒரு தரப்பு. ஞாயிற்றை மறைக்கும் மேகத் ‘திரை’யே வேர் என்றது மறு தரப்பு. குரல்கள் உயர்ந்தன. தலைவர் கையுயர்த்தி, திரி தந்தைச்சொல், திரை தாய்ச்சொல் என்று இரு தரப்பையும் மணமுடித்து வைத்தார். கரவொலி எழுந்தது. கொளஞ்சியப்பன் மட்டும் கைதட்டவில்லை.

“தலைவரே, திரியும் திரையும் ஒரே வேருன்னு போன மாசந்தான் நீங்க சொன்னீங்க. அப்ப ரெண்டும் பங்காளி ஆவுதே. பங்காளிக்குள்ள எப்பிடிங்க கண்ணாலம் பண்றது?”

மன்றம் உறைந்தது. மண்டபம் வைத்திருப்பவர் எழுப்பிய ஐயத்தைத் தள்ளவும் முடியாது. தலைவர் கண்மூடிச் சிந்தித்தார். “திரிக்குக் குலதெய்வம் மலைமேல். திரைக்குக் குலதெய்வம் கடலோரம். ஆகவே மணம் செல்லும்,” என்றார். கொளஞ்சியப்பன் நிறைவடைந்தார். மணத்துக்குச் சாட்சியாகப் பிலவேந்திரன் கையொப்பமிட்டார்.

அந்நேரம் அவருடைய சட்டைப் பையில் கைப்பேசி அதிர்ந்தது. ஜெனிபர். பெற்றோர் தேர்வு நடக்கும்போது கைப்பேசி எடுப்பது மன்ற விதிக்கு மாறானது. அதிர்ந்து அதிர்ந்து அது தானே அடங்கிற்று.

மலைநாட்டுச் சொல்லுக்கு மலைமேல் சான்று வேண்டும் என்பது தலைவரின் அடுத்த ஆணை. ஸ்காட்லாந்தும் மேட்டுநிலம், கல்வராயனும் மேட்டுநிலம். இரண்டும் ஒத்தவை என்பதற்குத் தலைவர் கண்கண்ட சாட்சி. ஜெனிபர் அனுப்பிய பிஸ்கட் டப்பாவின் மூடியில் அந்நாட்டை அவர் பார்த்திருந்தார். ஒரு தூறல் நாளில், வேன் ஒன்று செம்மல்களை ஏற்றிக்கொண்டு கச்சிராயபாளையம் வழியாக மலையேறிற்று. ஏற ஏறக் கைப்பேசிகளில் கோபுரக் கோடுகள் ஒவ்வொன்றாய் அவிந்தன. பிலவேந்திரன் அதைப் பார்த்தார். இறங்கியதும் மகளை அழைக்க வேண்டும் என்று நினைத்துக்கொண்டார்.

வெள்ளிமலைக்குச் சற்று முன்பாக, மூடுபனிக்குள் ஒரு தேநீர்க் கடை தென்பட்டது. கடைக்காரர் சின்னக்கண்ணு, காதை மூடிய கம்பளிக் குல்லாயும் கழுத்தில் துண்டுமாக அடுப்பருகே குந்தியிருந்தார். தலைவர் அவர்முன் ஒலிப்பதிவுக் கருவியை நீட்டி, இவ்வாறு வானம் மூடிக்கிடக்கும் பொழுதை வாழையடி வாழையாகத் தங்கள் முன்னோர் எச்சொல்லால் குறித்தனர் என்று கேட்டார்.

சின்னக்கண்ணு கூட்டத்தை ஒருமுறை பார்த்தார். “எத்தினி டீங்க?”

கேள்வியை எளிமைப்படுத்திக் கேட்டார்கள். இப்படி வானம் இருந்தால் நீங்கள் என்ன சொல்வீர்கள்?

“இன்னாத்த சொல்றது. யாவாரம் கம்மின்னுவேன். கடைய மூடிட்டுப் பூடுவேன்.”

அது விடையாகாது என்றார்கள். மேலும் நெருங்கினார்கள். ‘திரி’ என்று தொடங்குமா, நினைவுபடுத்திப் பாருங்கள் என்று ஊக்கினார்கள். புகையும் பனியும் கேள்வியும் ஒன்றாகத் தாக்கவே, சின்னக்கண்ணு வாயில் துண்டைப் பொத்திக்கொண்டு, “ஃக்… ஃக்கு” என்று இருமினார்.

தலைவரின் கண்கள் பனித்தன. “பதிவாயிற்றா?” என்றார் தழுதழுத்து. பதிவாகியிருந்தது. அதைத் திரும்ப ஒலிக்கவிட்டு, அனைவரும் எழுந்து நின்று கேட்டார்கள். பிலவேந்திரன் தம் குறிப்பில், ‘தூய ஆய்தம், இரண்டு’ என்று எழுதினார்.

“சாமி, அது சளிங்க,” என்றார் சின்னக்கண்ணு.

“சளி என்பது தங்கள் அடக்கம்,” என்றார் தலைவர்.

“நா சங்கராபுரத்துக்காரங்க. போன வருசந்தான் இங்க வந்து கடை போட்டேன். இந்தக் குளுரு எனக்கு ஒத்துக்கல.”

பிலவேந்திரன் தலைவரைப் பார்த்தார். அவ்வாக்கியத்தை ஏடு ஏற்காது என்பதைத் தலைவர் கண்ணாலேயே உணர்த்தினார். பிலவேந்திரன் எழுதவில்லை. எழுதாமல் விடுவதில் தமக்கு இவ்வளவு கைத்திறன் உண்டென்று அவருக்கே அன்றுதான் தெரிந்தது.

வேன் அடிவாரத்துக்கு வந்ததும், விடுபட்ட அழைப்புகள் கைப்பேசியில் வரிசையாக வந்து விழுந்தன. எல்லாம் ஜெனிபர். அழைத்தார், அவள் பணியில் இருந்தாள், எடுக்கவில்லை. செய்தி ஒன்று அனுப்பினார். அச்செய்தியை எண்ணிப் பின்னாளில் அவர் கூசியதுண்டு. அதில் இருந்தது இதுதான்: ‘அன்புமகளுக்கு, வரும் ஞாயிறு உன் சொல்லுக்கு விழா. காணொளியில் நீ பேராளர். சீருடையில் வரவும்.’

விழாவுக்குப் பதாகை அச்சிட ஆள் அமர்த்தும் பொறுப்பும் அவருடையதே. கைப்பேசியில் எழுத்தெழுத்தாகச் சொன்னார். மறுமுனையில் அச்சகத்து இளைஞர் ‘ஃ’ வந்ததும், எந்த ஃபேன் கம்பெனி சார், படம் போடணுமா என்று கேட்டார். பிலவேந்திரன் ஆய்தத்தின் வரலாற்றைச் சொல்லத் தொடங்கினார். இளைஞர் பொறுமையாகக் கேட்டுவிட்டு, பதாகையின் மூலையில் ஒரு மேசை மின்விசிறிப் படத்தைச் சேர்த்தே அனுப்பிவைத்தார்.

ஞாயிறு பிற்பகல் கொளஞ்சியப்பனின் மண்டபம் நிரம்பிற்று. வெளியே தூறல், உள்ளே இடம் இலவசம். மேடையின் நடுவே, மணமக்கள் அமரும் சிவப்பு நாற்காலியில், சட்டமிட்ட ‘திரிஃது’ மாலையணிந்து வீற்றிருந்தது. அதற்குப் பொன்னாடை போர்த்தியிருந்தார்கள். பக்கத்து நாற்காலியில் பிலவேந்திரன். பின்சுவரில் பெரிய திரை. அத்திரையில் ஜெனிபர். அங்கே அப்பொழுது காலை. இரவுப் பணி முடித்து, சொன்னபடியே சீருடையில், ஒரு சாம்பல்நிறச் சாளரத்தின் முன்னே அவள் உட்கார்ந்திருந்தாள். பிலவேந்திரன் அவளுக்கு முதுகு காட்டி அமர்ந்திருந்தார். சொல்லுக்கு முதுகு காட்டலாகாது என்பதே விதி, மகளைப் பற்றி விதி இல்லை.

வரவேற்புரை, முன்னிலையுரை, நோக்கவுரை, இருமல் ஒலிபரப்பு ஆகியவற்றுக்குப் பின் தலைவர் எழுந்தார்.

“நான் நீட்டிப் பேசுபவனல்லன்,” என்று அவர் தொடங்கினார். தொடங்கியபோது முன்வரிசையில் விழித்திருந்த குழந்தைகள் உறங்கி, விழித்து, மீண்டும் உறங்கின. “ஆராய்ச்சி என்பது யாது? விடையை முதலில் அறிந்துகொண்டு, வினாவைக் கைப்பிடித்துப் பொறுமையாக அதனிடம் அழைத்துச் செல்வது. என் வாழ்நாளில் நான் சான்றுகளைத் தேடி அலைந்ததில்லை. அவை என்னைத் தேடி வருகின்றன. வராதவற்றை நான் மன்னித்துவிடுகிறேன். சிலர் கேட்கலாம், அயல்மொழி அறியாமல் அயற்சொல்லை ஆராய்வது எப்படி என்று. அறிந்திருந்தால் என் நடுநிலை கெட்டிருக்கும்.”

பிலவேந்திரன் கைதட்டினார். தட்டும்போது, பள்ளியில் தாம் எத்தனையோ மாணவர்களைக் கைதட்ட வைத்த பேச்சுகளும் ஏறக்குறைய இதே ஓசையுடையவை என்று ஒரு நினைவு வந்தது. அதை மறக்கும்பொருட்டுச் சற்று உரக்கத் தட்டினார்.

ஒருவழியாகப் பேராளரை அழைத்தார்கள். ‘தாய்வீடு திரும்பும் சொல்லே வருக’ என்று அவள் மும்முறை கூற வேண்டும் என்பது ஏற்பாடு. ஜெனிபர் கண்களைத் துடைத்துக்கொண்டாள்.

“எல்லாருக்கும் வணக்கங்க. நானும் இந்தச் சொல்ல அகராதில பாத்தேங்க. வடக்குக் கடலுக்கு அந்தாண்டேர்ந்து படகுல வந்தவங்க பேச்சுலேர்ந்து வந்துச்சின்னு போட்டிருக்குதுங்க. மொதல்ல, முடியாம நீண்டுக்கினே போறதுக்குத்தான் சொன்னாங்களாம். கோயில்ல பிரசங்கம் நீண்டுச்சின்னா அதுக்கும் சொல்வாங்களாம். அப்புறந்தான் வானத்துக்கு வந்துச்சாம்.”

பின்வரிசையிலிருந்து ஒரு குரல், “அப்ப இன்னிக்கு மீட்டிங்குக்கே அத வெக்கலாமே,” என்றது. சிரிப்பு முன்வரிசை வரை உருண்டு வந்தது.

தலைவர் ஒலிவாங்கியைப் பற்றினார். “கேட்டீர்களா? படகு என்கிறாள். அப்படகு யாருடையது?” என்று கேட்டு, விடைக்குக் காத்திராமல், செம்மல் பட்டத்தை அறிவித்து, ஏற்புரைக்குப் பிலவேந்திரனை எழுப்பினார்.

பொன்னாடை தோளில் விழுந்தது. இத்தனை ஆண்டுகள் ஏங்கிய கனம் அது. நன்றி கூறுவதற்காகப் பிலவேந்திரன் திரையின் பக்கம் திரும்பினார். திரும்பியவர் அப்படியே நின்றுவிட்டார்.

கைப்பேசியில் உள்ளங்கை அளவே கண்டு பழகிய முகம், சுவரளவு பெரிதாகி அவர்மேல் கவிந்திருந்தது. கண்ணுக்கடியில் கருமை. ஒட்டிய கன்னம். ஊரில் இருந்தபோது ஒருநாளும் தலை வாராமல் வாசலுக்கு வராத பெண்ணின் காதோரம் மயிர் சிலும்பிக் கிடந்தது. இத்தனை நாள் தாம் கேட்டதெல்லாம் ஒலி. முகத்தைப் பார்க்கவில்லை என்பது புலவருக்கு அந்த மேடையில், அந்தச் சொல்லின் பக்கத்தில் நின்றபோது விளங்கிற்று.

எழுதி வைத்திருந்த ஏற்புரை கையிலேயே இருந்தது. “ஜெனி,” என்றார். “அன்னிக்கு அந்த வார்த்தய இன்னாத்துக்கும்மா சொன்ன?”

திரையில் அவள் கைப்பேசியை இன்னும் அருகே இழுத்துக்கொண்டாள்.

“நீங்க வானம் எப்பிடின்னு கேட்டீங்க. நா வானத்தச் சொல்லலப்பா. என்னச் சொன்னேன்.”

ஒருவரும் அசையவில்லை. ஒருவர் மட்டும் அசைந்தார். “இதோ மூன்றாம் பொருள்!” என்று தலைவர் கூவினார். “மனநிலைப் பொருள்! பதிவு செய்யுங்கள்!”

“தலைவரே, பதிவு கெடக்கட்டும்,” என்றார் கொளஞ்சியப்பன். அவருக்கும் கட்டிக்கொடுத்த மகள்கள் உண்டு. பிலவேந்திரனின் தோளைத் தொட்டு, “வாத்தியாரே, பொண்ணுக்குப் பதில் சொல்லுங்க,” என்றார்.

பிலவேந்திரன் வாயைத் திறந்தார். அக்கணத்தில் மகளின் முகம் உறைந்து, கட்டம் கட்டமாகக் கலைந்து, திரை வெறும் நீலமாயிற்று. அன்றைக்குரிய டேட்டா முழுவதையும் தலைவரின் உரை உண்டு தீர்த்திருந்தது.

புலவர் பொன்னாடையை எடுத்துச் சொல்லின்மேல் வைத்தார். அதற்கு இப்போது இரண்டு பொன்னாடை. மேடையிலிருந்து இறங்கி, தூறலில் நடந்து, ஷேர் ஆட்டோவில் ஒடுங்கி வீடு சேர்ந்தார். வழியெல்லாம் அழைத்துப் பார்த்தார். மணி அடித்துக்கொண்டே இருந்தது.

“வாங்க செம்மல்,” என்றாள் தெரசா. அவர் முகத்தைப் பார்த்ததும் கேலியை நிறுத்தினாள். துண்டை எடுத்துக் கொடுத்தாள். நடந்ததைக் கேட்டுவிட்டு, “ராத்திரி பூரா வேல செஞ்சிட்டு, உங்க கூத்துக்கு ஒக்காந்திருந்த பொண்ணு. இப்பதான் படுத்திருக்கும். தூங்கட்டும். எழுந்து அதுவே கூப்புடும்,” என்றாள்.

“கூப்பிடாவிட்டால்?”

“இம்மா நாளு அது காத்துக்கினு இருந்துச்சே. ஒரு பொழுது நீங்க இருங்க.”

அவர் இருந்தார். காத்திருத்தலைப் பற்றி வகுப்பில் எத்தனை துறை, எத்தனை திணை என்று பிரித்துப் பிரித்துச் சொல்லிக் கொடுத்தவர், கைப்பேசியை முழங்கால்மேல் வைத்துக்கொண்டு, ஒரு திணையிலும் அடங்காமல் உட்கார்ந்திருந்தார். மழை நின்றது போலிருந்தது, நிற்கவில்லை. கோயிலில் மாலை மணி அடித்தது. விளக்கு வைக்கும் வேளையில் கைப்பேசி ஒளிர்ந்தது.

“ப்பா. தூங்கிட்டேன்.”

“ஜெனி, வாம்மா.”

“இன்னாப்பா?”

“வூட்டுக்கு வந்துடு. போதும்.”

அந்தப் பக்கம் மூக்கை உறிஞ்சும் ஒலி கேட்டது. அது எந்த எழுத்தின் பாற்படும் என்று புலவர் ஆராயவில்லை. சொன்ன ‘வா’வுக்கும் வேர் தேடவில்லை. ஓரெழுத்துச் சொல், எங்கே பிறந்ததாயிருந்தாலும் போய்ச் சேர வேண்டிய இடத்துக்குச் சேர்ந்துவிட்டது.

“நாளைக்கு அப்பிடியே சொல்லிடறேம்ப்பா,” என்றாள் அவள். கொஞ்சம் பொறுத்து, “உங்க பட்டம் இன்னா ஆச்சி?” என்றாள்.

“அதுங்கிட்டயே குடுத்துட்டு வந்துட்டேன்.”

ஜெனிபர் சிரித்தாள். தெரசா உள்ளிருந்து வந்து, கைப்பேசியைப் பார்த்து, கண்ணைத் துடைத்துக்கொண்டு, திருக்குடும்பப் படத்தின் முன்னே ஊதா மெழுகுவர்த்தியை நிறுத்தினாள்.

பிலவேந்திரன் தீக்குச்சியைக் கிழித்தார். ஈரத்தில் இரண்டு முறை நமுத்துப்போய், மூன்றாவது பற்றிற்று. திரியில் சுடர் ஏறி நின்றது. கைப்பேசியை மகளின் முகம் தெரியும்படி படத்தின் அருகே சாய்த்து வைத்துவிட்டு, மூட்டு வலியைப் பொருட்படுத்தாமல் முழந்தாளிட்டார். தாம் கட்டிய பாட்டும் வரவில்லை; கற்ற பாட்டும் வரவில்லை. பால் மணம் மாறாத வயதில் மனனமான மங்கள வார்த்தை செபம் ஒன்றே நாவில் வந்தது. அதை ஒரு சொல்லையும் பிரித்துப் பார்க்காமல், தெரசா முன்பாதி சொல்ல, தாம் பின்பாதி சொல்லி முடித்தார். கடலுக்கு அப்பாலிருந்து, அரை நொடி பிந்தி, மகளின் குரலும் அதே ஆமெனுக்கு வந்து சேர்ந்தது.

பிறகு அவர் வலது கைப் பெருவிரலை நீட்டி, திரையில் அவள் நெற்றி இருந்த இடத்தில், சிறுவயதில் பள்ளிக்கு அனுப்பும்போதெல்லாம் இட்டது போல், ஒரு சிலுவை வரைந்தார்.

“ப்பா, கேமராவ மறைக்கிறீங்க,” என்றாள் ஜெனிபர்.

அவர் விரலை எடுக்கவில்லை.

“போன வழியெல்லாம் உன்னக் காத்த ஆண்டவரு, வர்ற வழியெல்லாம் கூடவே வரட்டும். நீ நல்லா இரும்மா, கண்ணு.”